இரண்டு அடிக்கு நடுவில் இரண்டு விசில்

விசில் சத்தம் கேட்டால் என் வலது கால் தானாகக் கீழே இறங்குகிறது. நான் வேலையை விட்டு வந்த விஷயத்தை அதற்கு இன்னும் யாரும் தெரிவிக்கவில்லை போலிருக்கிறது.

போன மாதம் தருமபுரியில் ஒரு சலூனில் முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தேன். வெளியே ஏதோ பள்ளிக்கூடத்து ஊர்வலம். விளையாட்டு வாத்தியார் நீளமாக ஒரு விசில் ஊதினார். என் கால் தரையை மிதித்தது, இடுப்பு பின்னுக்குப் போனது, கத்தி காதோரம் ஒரு சிவப்புக் கோடு போட்டது. முடிவெட்டுகிறவர் அலட்டிக்கொள்ளவில்லை. படிகாரத்தை நனைத்துத் தேய்த்தபடி, "பஸ் டிரைவருங்களா?" என்றார்.

"ஆமாங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எங்க மாமனும் இப்படித்தான். நல்லவேளை, ஒத்த விசிலோட போச்சு. ரெண்டு ஊதியிருந்தா நாற்காலியோட கெளம்பியிருப்பீங்க."

காது எரிந்தது. அந்த எரிச்சலோடு என் கண்டக்டர் தீர்த்தகிரியின் ஞாபகமும் வந்தது.

ஐம்பத்து மூன்று வயதில் என் இடுப்பு எனக்கு முன்னால் ராஜினாமா கொடுத்துவிட்டது. நான் அதன் பின்னால் போய்க் கையெழுத்து மட்டும் போட்டேன். அன்றிலிருந்து வீட்டில் இருக்கிற நாற்காலிகளில் மாற்றி மாற்றி உட்கார்ந்து பார்க்கிறேன். எதில் உட்கார்ந்தாலும் ஜன்னல் நகர மாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன். புதிதாக ஸ்டியரிங் பிடிக்க வந்திருக்கிறவர்களே, தோளில் பை மாட்ட வந்திருக்கிறவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கியர் போடுவது, டிக்கெட் கிழிப்பது எல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கூட இருக்கிற ஆளை எதுவரை நம்பலாம், எதிரே நிற்கிற ஆளை எதுவரை அடிக்கலாம் என்கிற இரண்டை மட்டும் பயிற்சியில் விட்டுவிடுகிறார்கள். சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கும் தெரியாது என்பதுதான் காரணம்.

டிரைவருக்கும் கண்டக்டருக்கும் இருக்கிற உறவுக்கு ஒரு பெயர் கிடையாது. என் மனைவியோடு பேசியதைவிட அதிகமாக அந்த விசிலோடு பேசியிருக்கிறேன். அதற்கு மட்டும்தான் உடனுக்குடன் கீழ்ப்படிந்தும் இருக்கிறேன். தீர்த்தகிரி என் பிடரியைப் பார்த்தே வருஷங்களைக் கழித்தார். நான் அவரை ஒரு சாண் கண்ணாடிக்குள் இடவலம் மாறிய மனிதராகப் பார்த்தே கழித்தேன். டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்தால் அவர் முகம் கொஞ்சம் புதுசாகத் தெரியும். வகிடு தப்பான பக்கத்தில் இருக்கும்.

அவர் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக்காரர். என்னைவிடச் சில வயது இளையவர், ஒல்லி. கோபத்தையெல்லாம் விசிலில் ஊதி வெளியே விட்டுவிடுகிற ஜாதி. கூட்டம் நெரிந்தால் அவர் சொல்வது ஒன்றுதான்: "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ளயும் தருமபுரி ஜில்லாதான்."

எங்கள் டவுன் பஸ் காரிமங்கலத்தில் கிளம்பும். மாந்தோப்புகள், சோளக்காடுகள், ரோட்டை அகலப்படுத்த வெட்டியதுபோக மிஞ்சி நிற்கும் புளியமரங்கள் எல்லாவற்றையும் தாண்டி, ரோடு முடிகிற ஒரு ஊரில் போய் நிற்கும். முடிகிறது என்றால் நிஜமாகவே முடிகிறது. முன்னால் கோயில் மதில். பின்னால் கைப்பிடிச் சுவரே இல்லாத பெரிய கிணறு. மானாவாரிப் பூமி என்பதால் ஆழம் அதிகம். எட்டிப் பார்த்தால் அடியில் தட்டு அளவுக்கு வானம் கிடக்கும். பஸ்ஸைத் திருப்ப வேண்டுமானால் அந்தக் கிணற்றை நோக்கிப் பின்னால் போயே ஆக வேண்டும். எந்தக் கண்ணாடியிலும் கிணறு தெரியாது. கண்டக்டர் பின்னால் நின்று விட்டு விட்டு ஊதுவார். அந்தச் சத்தம் இருக்கிறவரை வரலாம். நீளமாக ஒன்று ஊதினால், நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் அந்த வானத்துக்குள் போய்ச் சேரலாம்.

அவரோடு ஜோடி சேர்ந்த முதல் நாள், "நான் ஒரு தடவ எறங்கிப் பாத்துக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"பாருங்கண்ணா. பாத்துட்டு அங்கயே நின்னு நீங்க விசிலு ஊதுங்க. நான் ஓட்டறேன்."

அவருக்கு சைக்கிளே தகராறு. நான் இறங்கவில்லை. அன்று ஆரம்பித்த நம்பிக்கை அது. பத்திரத்தில் எழுதியதில்லை, சத்தியம் செய்ததில்லை. வேறு வழியில்லாமல் வந்த நம்பிக்கைதான். பெரும்பாலான நல்ல நம்பிக்கைகள் அப்படித்தான் வருகின்றன.

இனி தற்காப்பு. என் சீட்டுக்கு அடியில் ஒரு இரும்பு ராடு கிடந்தது. டயரைத் தட்டிப் பார்க்க என்று வைத்தது, ஆபத்துக்கு உதவும் என்று ஒரு நினைப்பும் உண்டு. ஒரு தடவைகூட உதவவில்லை. ஒரே ஒரு தடவை என் காலில் விழுந்து கட்டை விரல் நகத்தைக் கொண்டுபோனது. கண்டக்டர் கையில் இருப்பது டிக்கெட் மெஷின். செங்கல் கனம், செங்கல் வடிவம். இதை வடிவமைத்தவர் கண்டக்டர் வாழ்க்கையை நன்றாக அறிந்தவர் என்று தீர்த்தகிரி சொல்வார். சிரிப்பதற்காகச் சொன்னதுதான்.

அன்று காரிமங்கலம் சந்தை நாள். சந்தை நாளில் பஸ்ஸுக்கு ஒரு தனி மணம் உண்டு: கருவாடு, வெங்காயம், நனைந்த சாக்கு, ஆட்டுக்குட்டி, வெயிலில் காய்ந்த மனிதர்கள். நடுவில் ஒரு கோழி யாருடைய மடியிலிருந்தோ எல்லோருக்கும் கருத்து சொல்லிக்கொண்டு வந்தது. முன்படியில் ஒரு ஆள் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும், நல்ல உடம்பு, நல்ல போதை. கையில் சந்தையில் வாங்கிய புது அரிவாள், நியூஸ்பேப்பரில் சுற்றியது. அவர் பேர் வேண்டாம். அவரும் ஒரு வீட்டுக்குப் பிள்ளைதான்.

"உள்ள ஏறுங்க. படியில நிக்காதீங்க" என்றார் தீர்த்தகிரி.

"நான் எறங்கறவன்யா."

"எங்க எறங்கணும்?"

"கடேசில."

"கடேசில எறங்கறவரு மொதல்ல எதுக்குங்க படியில நிக்கறீங்க? வூட்ல அவ்ளோ அவசரமா கூப்புட்டாங்களா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். கோழிகூட ஏதோ சொன்னது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். குடித்த ஆளோடு சண்டை போடலாம், கெஞ்சலாம், இறக்கிவிடலாம். அவரை வைத்து ஒரு பஸ்ஸையே சிரிக்க வைக்கக் கூடாது. திட்டினால் அவர் உங்கள் ஒருவரைத்தான் வெறுப்பார். சிரித்தால், அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு ஆளைத் தேடுவார். மெஷின் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்த ஆள்.

பேப்பர் கிழிகிற சத்தம் எஞ்சின் இரைச்சலில் எனக்குக் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் கேட்டதாகத்தான் ஞாபகம். உள் கண்ணாடியில் புது இரும்பு ஒரு தரம் மின்னியது.

என் கால் பிரேக்குக்குப் பாய்ந்தது. அதை அடக்கியதுதான் என் பணிக்காலத்திலேயே நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். சடாரென்று பிடித்திருந்தால் நிற்கிற கூட்டம் மொத்தமும் அந்த அரிவாளின் மேல் போய்ச் சாய்ந்திருக்கும். தூங்குகிற குழந்தையைக் கீழே கிடத்துகிற மாதிரி வண்டியை மெதுவாக விட்டு நிறுத்தினேன். ராடைத் தொடவில்லை. தொட்டிருந்தால் பஸ்ஸில் ஆயுதம் இரண்டாகியிருக்கும், பைத்தியமும் இரண்டாகியிருக்கும்.

அந்த ஆள் அரிவாளை ஓங்கினார். தீர்த்தகிரிக்குப் பின்னால் கூடையோடு ஒரு அம்மா, அதற்குப் பின்னால் ஆட்டுக்குட்டி, அதற்குப் பின்னால் தருமபுரி ஜில்லா. போக இடமில்லை. மெஷினால் மணிக்கட்டில் ஒரு அடி. அரிவாள் கீழே விழுந்தது. தீர்த்தகிரி அதைக் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளினார். கூடைக்கார அம்மா யாரும் சொல்லாமலே அதன்மேல் தன் கூடையை வைத்துவிட்டார். அந்த ஆள் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தார். முடிந்தது.

தீர்த்தகிரி விசிலை எடுத்தார். "ஸ்டேஷனுக்கு வுடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு இரண்டு விசில் கொடுத்தார்.

ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் எல்லாம் சரி, போகலாம். இது உங்களுக்குப் பால்வாடிப் பாடம். விசில் கேட்டதும் ஒரு தரம் உள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை விடுவது என் பழக்கம். அப்படித்தான் பார்த்தேன், விட்டேன். சக்கரம் உருள ஆரம்பித்தது. கண் இன்னும் கண்ணாடியிலேயே இருந்தது.

தரையில் கிடந்த ஆள் தலையைத் தூக்கி ஒரு வார்த்தை சொன்னார். தீர்த்தகிரியின் அம்மாவைப் பற்றியது. அதை நான் எழுத மாட்டேன். தீர்த்தகிரி குனிந்தார். மெஷின் தாடையில் இறங்கியது. இரண்டு பல் போனது, தாடை எலும்பு விட்டது, மெஷினும் விட்டது. உடைந்த மெஷின் மட்டும் என்ன நினைத்ததோ, எந்த ஊருக்கும் இல்லாத ஒரு டிக்கெட்டை நிதானமாக வெளியே தள்ளியது.

போலீஸில் இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்து, பெரியவர்கள் பேசி முடித்துக்கொண்டார்கள். டிப்போவில் முடியவில்லை. தீர்த்தகிரிக்கு மெமோ வந்தது. முதல் குற்றச்சாட்டு, அரசுச் சொத்தான டிக்கெட் மெஷினை உடைத்தது. இரண்டாவது, பயணியைத் தாக்கியது. பல்லுக்கும் மெஷினுக்கும் உள்ள அந்தஸ்து வித்தியாசத்தை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. அரிவாள் பேப்பரை விட்டு வெளியே வரவே இல்லை, படியில் நின்றதற்காக அடித்தார் என்று அந்த ஆள் டிப்போவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். விசாரணையில் அது எடுபட்டால் தீர்த்தகிரிக்கு வேலை போய்விடும். பயணிகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கண்ணாடி வழியாக முழுசாகப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

சங்கத்துக்காரர் ஒருவர் என்னை டீக்கடைக்கு ஓரங்கட்டினார்.

"கண்ணாடியில வெயிலு அடிச்சுது, ஒண்ணுந் தெரியலன்னு சொல்லிடுங்க."

"அப்பறம் கண்ணாடி தெரியாம வண்டிய எடுத்தேன்னு எனக்கொரு மெமோ வருங்களே."

"அது சின்ன மெமோ. சரி, வேண்டாம். ரெண்டு அடியும் ஒரே மூச்சுல உழுந்துதுன்னு சொல்லிடுங்க. ஒரே மூச்சுன்னா தற்காப்பு. நடுவுல மூச்சு வாங்கிட்டான்னாதான் சிக்கலு."

சட்டப் புத்தகத்தில் இதைப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். அந்த மனிதர் ஒரு வடையைக் கடித்துக்கொண்டே சொல்லி முடித்துவிட்டார்.

ஆள் பற்றாக்குறை என்பதால் விசாரணை முடிகிறவரை எங்கள் ஜோடியைப் பிரிக்கவில்லை. மறுநாள் முதல் டிரிப்புக்கு முன்னால் தீர்த்தகிரி, மழை வருமா என்று கேட்கிற குரலில் கேட்டார். "ஒரே மூச்சுன்னு சொல்லிடுவீங்க இல்லீங்களாண்ணா?"

"நடுவுல நீ விசிலு ஊதின, தீர்த்தகிரி."

"அது பழக்கங்கண்ணா."

"ரெண்டு ஊதின."

"யாரு எண்ணிக்கிட்டு இருந்தாங்க?"

"நான் வண்டிய எடுத்தேனே."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பாதி டீ மிச்சம் இருந்தது. அவர் டீயை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. விசில் மட்டும் இருந்தது. விசிலில் எத்தனை விதம் உண்டு என்று அந்த வாரங்களில்தான் தெரிந்துகொண்டேன். "நில்" என்பது "நின்று தொலை" என்று வந்தது. "போகலாம்" என்பது "எங்கேயாவது போ" என்று வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு விசில்கூடத் தப்பாக வரவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் ஒன்று, எடுக்க வேண்டிய இடத்தில் இரண்டு. கிழவி ஒருத்தி படியிலிருந்து காலை எடுத்தபிறகுதான் இரண்டாவது சத்தம் வரும். மனிதர் என்னை வெறுத்தார், வேலையை வெறுக்கவில்லை.

எனக்குத்தான் புத்தி கெட்டது. விசாரணை நெருங்க நெருங்க, ஸ்டியரிங்கில் கை இருக்கும்போதே மனம் எங்கெங்கோ ஓடியது. ஒருநாள் அந்தக் கடைசி ஊரில் கோயில் மதிலுக்கு முன்னால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். தீர்த்தகிரி இறங்கிப் பின்னால் போனார். விசில் ஆரம்பித்தது. ரிவர்ஸ் கியரில் கை. அப்போது ஒரு நினைப்பு வந்தது: அந்த நீள விசில் ஒன்று வராமல் போனால், விசாரணைக்குச் சாட்சியே இல்லை.

கேவலமான நினைப்பு. ஆனால் வந்த பிறகு அது போகவில்லை, சந்தை நாளில் ஏறிய ஆடு மாதிரி நடுவழியில் நின்றுகொண்டது. நான் வண்டியை நியூட்ரலுக்குத் தள்ளினேன், ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன், கதவைத் திறந்தேன், இறங்கிப் பின்னால் நடந்து போனேன். இத்தனை வருஷத்தில் முதல் முறை.

தீர்த்தகிரி விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"என்ன பாக்கறீங்க? கெணறு அங்கயேதான் இருக்குது."

"ஒண்ணுமில்ல. இடுப்பு வலி. ஒரு நட நடக்கலாம்னு."

"கெணத்துக்குள்ளயா?"

பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ, "என்னாங்க, வண்டி எடுக்கறீங்களா, ரெண்டு பேரும் தண்ணி எறைக்கறீங்களா?" என்று குரல் கொடுத்தார்கள்.

"என் விசிலு உங்கள என்னைக்காச்சும் ஏமாத்தியிருக்குதுங்களா?"

"இல்ல."

"அப்பறம் என்னாத்துக்கு எறங்குனீங்க?"

"நான் என்ன சொல்லப்போறேன்னு தெரிஞ்சும் நீ பழையபடி ஊதுவியான்னு ஒரு சந்தேகம்."

அவர் கிணற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேறு யாராவது என்றால் கெட்ட வார்த்தை வந்திருக்கும். அவருக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"உள்ள அம்பது சனம் இருக்குது. உங்க ஒருத்தருக்கோசரம் நான் அவங்களயும் தள்ளுவேனாண்ணா? தள்ளறதுன்னா உங்கள மட்டும் டீக்கடையில வச்சுத் தள்ளமாட்டேன்?"

எனக்கும் சிரிப்பு வந்தது. பல நாளாகப் பேசாத இரண்டு பேர் கிணற்றோரத்தில் நின்று, ஒருவரைக் கொல்ல எது வசதியான இடம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

"நான் சொல்லவந்ததும் அதான்யா" என்றேன். "உன் விசிலு பொய் சொல்லாது. அன்னைக்கும் சொல்லல. ஆபத்து முடிஞ்சுது, எடுங்கன்னு ஊதின. நான் நம்பி எடுத்தேன். இப்ப அந்த விசிலே வரலன்னு சொன்னா, நாளைக்கு இந்தக் கெணத்துகிட்ட நீ ஊதறத நான் எப்படி நம்பறது?"

"என் அம்மாவச் சொன்னான்."

"தெரியும். எனக்கும் கேட்டுச்சு. அதையுஞ் சொல்லுவேன்."

"ஏறுங்க" என்றார். "சனம் காத்துக்கிட்டு இருக்குது."

ஏறினேன். விட்டு விட்டு விசில் வந்தது. பின்னால் போனேன். நீள விசில் வந்தது, நின்றேன். அன்று வழக்கத்தைவிட ஒரு முழம் கூடுதலாகவே கிணற்றுப் பக்கம் விட்டார் என்று நினைக்கிறேன். அது எனக்கான தண்டனை. நியாயமான தண்டனைதான்.

விசாரணைக்கு வந்த அதிகாரி பஸ்ஸில் ஏறியே பழக்கமில்லாதவர். ஜீப்பிலேயே பிறந்து ஜீப்பிலேயே வளர்ந்தவர் மாதிரி இருந்தார். கன்னடம் பேசுகிற ஒரு அம்மாவை முதலில் கேட்டார்கள். எத்தனை அடி என்றதும் "ஒந்தே" என்று ஒற்றை விரலைக் காட்டினார். அந்த ஒன்று முதலாவதா இரண்டாவதா என்று கேட்டதற்கும் அதே விரல்தான். கூடைக்கார அம்மா, அரிவாள் பட்டுத் தன் கூடையில் ஒரு மூங்கில் பட்டை அறுந்துபோனதைப் பற்றி மட்டுமே பேசினார். ஒரு பெரியவர் தான் தூங்கிவிட்டதாகச் சொன்னார். அவர் அன்று நின்றுகொண்டு வந்தவர். அடிபட்ட ஆள் கட்டிய தாடையோடு, அரிவாள் பேப்பருக்குள்ளேயே இருந்தது என்று ஜாடை செய்தார்.

பிறகு நான்.

"அரிவாள ஓங்கினாரா இல்லையா?"

"ஓங்கினாருங்க சார். பேப்பரு படியில கெடந்துச்சு. கண்டக்டரு பின்னால போவ எடமில்ல. மொத அடி உழலன்னா, நான் இன்னைக்கு வேற விசாரணைக்கு வந்திருப்பனுங்க."

"ரெண்டாவது அடி?"

தீர்த்தகிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவருடைய பிடரி தெரிந்தது. இத்தனை வருஷம் அவர் பார்த்த காட்சி இதுதானா என்று தோன்றியது. பிடரிக்கு முகம் கிடையாது. அதனால்தான் அதனிடம் பொய் சொல்வது கஷ்டம்.

"அதுக்கு முன்னால ரெண்டு விசிலு வந்துச்சுங்க சார். அப்பறம் அந்த ஆளு கண்டக்டரோட அம்மாவ ஒரு வார்த்த சொன்னாருங்க. அப்பறந்தான் அடி."

"விசிலுக்கும் அடிக்கும் என்னய்யா சம்பந்தம்?"

சொன்னேன். ஒன்று என்றால் என்ன, இரண்டு என்றால் என்ன, இரண்டு கேட்டால் நான் என்ன செய்வேன் என்று. அதிகாரி பேனாவை வைத்துவிட்டுத் தீர்த்தகிரியைக் கேட்டார்.

"ரெண்டு விசில் ஊதினீங்களா?"

ஊதவில்லை என்று சொல்லியிருக்கலாம். என் வார்த்தைக்கு எதிராக அவர் வார்த்தை. சங்கத்துக்காரர் அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார். தீர்த்தகிரி சட்டைப் பையில் விசில் தொங்குகிற இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஊதுனங்க சார். நான் ஊதாம எங்க டிரைவரு வண்டிய எடுக்கமாட்டாருங்க."

முதல் அடி தற்காப்பு என்று ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவதற்கு இன்க்ரிமெண்ட் வெட்டு, வேறு டிப்போவுக்கு மாற்றல். வேலை தப்பியது. வெளியே வரும்போது அதிகாரி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கூட்டாளியவே விட்டுக்கொடுக்கற ஆளு, அரிவாளப் பத்தி மட்டும் எதுக்கு எங்கிட்ட பொய் சொல்லப்போறீங்க? அதனாலதான் மொத அடிய நம்பினேன்."

பாராட்டுதான். இன்றுவரை எனக்கு அது தொண்டையில் சிக்கிய மீன் முள். சோறு இறங்குகிறது, முள் இறங்கவில்லை.

நீங்கள் கேட்பீர்கள், எதுவரை அடிக்கலாம் என்று. உங்கள் கை தானாக விசிலைத் தேடிப் போகிறவரை. விசிலை எடுக்க உங்களுக்கு நேரம் கிடைத்துவிட்டது என்றால் உயிர் தப்பிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு விழுகிற அடி உங்கள் கோபத்தின் கணக்கில்தான் வரும். கோபம் நியாயமாகவே இருக்கலாம். அவருடைய கோபம் நியாயமானதுதான், நானாக இருந்தால் ராடையே எடுத்திருப்பேன். ஆனால் நியாயமான கோபத்துக்கும் தற்காப்பு என்று பேர் வைக்க முடியாது. எதுவரை நம்பலாம் என்பதற்கு என்னிடம் இவ்வளவு சுத்தமான பதில் இல்லை. கிணற்றோரம் இறங்கிப் பார்த்தவன் நான். அதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் அருகதைக் குறைச்சல்.

அவர் மாற்றலாகிப் போன நாள் காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். தீர்த்தகிரி காக்கிச் சட்டை இல்லாமல், பை இல்லாமல், பயணியாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் எப்படி உட்காருவது என்றே தெரியாத மாதிரி இருந்தார். கம்பியைப் பிடித்திருந்தார். நான் பின்சக்கரத்துப் பக்கம் நின்று ஜன்னலைப் பார்த்தேன். வகிடு தப்பான பக்கத்தில்தான் இருந்தது.

"புது மெஷினு குடுப்பாங்களாமா?"

"குடுப்பாங்க. லேசானதாம். அடிச்சா பேனுகூட சாவாதாம்."

"நல்லதாப் போச்சு."

"நீங்க அங்க சொன்னதுல எனக்கு இன்னும் கோவந்தாண்ணா" என்றார்.

"இருக்கட்டும்."

"தப்பாச் சொன்னீங்கன்னு இல்ல. சரியாச் சொன்னீங்க. அதுலதான் கோவம்."

"எனக்கும் நீ கெணத்துகிட்ட சிரிச்சதுலதான் கோவம்."

அந்த பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கியபடி யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலே விசிலை எடுத்து வாயில் வைத்தார். பின்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தீர்த்தகிரி சீட்டிலிருந்து பாதி எழுந்து, கூட்டத்தின் தலைக்கு மேலே கையை நீட்டிக் குரல் கொடுத்தார்.

"யோவ், ரைட் குடுத்துடாத. எங்க டிரைவரு இன்னும் சக்கரத்துகிட்டதான் நிக்கறாரு."